மனைவி வழிச் சொந்தங்களை மரத்தில் சேர்ப்பது: மாமா மகளாக இருந்தால்?

கேள்வி (வேர்தேடி):
ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் எங்கள் குடும்ப மரம் இருக்கிறது. மனைவி, என் அம்மாவின் தம்பி மகள். மாமனார் மாமியார், மைத்துனர்கள், மாமியாரின் பிறந்த வீட்டார் எல்லோரையும் சேர்க்க வேண்டும். மாமா ஏற்கெனவே அம்மா பக்கம் இருக்கிறார். மனைவி பக்கமும் போட்டால் இரண்டு மாமா ஆகிவிடாதா? மனைவிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலும் மாறிவிட்டது. எதைப் போடுவது?

கொடிவழி:
மாமாவை மறுபடி போடவே வேண்டாம். முதலில் மாமாவின் பக்கத்தைத் திறந்து மனைவியை அவர் மகளாகச் சேருங்கள். பிறகு உங்கள் பக்கத்துக்கு வந்து வாழ்க்கைத்துணையைச் சேர்க்கும்போது, புதுப் பெயர் அடிக்காமல், மரத்தில் ஏற்கெனவே இருப்பவரைத் தேர்ந்தெடுக்கும் வசதியில் அவரைப் பிடியுங்கள். மாமா தானாகவே மாமனாரும் ஆகிவிடுவார்.

மாமியாரின் அண்ணன் தம்பிகளுக்கு, மாமியார் பக்கத்தில் அவர் அப்பா அம்மாவை முதலில் போடுங்கள். இந்தத் தளங்கள் எல்லாமே பெற்றோர்–பிள்ளை, கணவன்–மனைவி என்ற இரண்டு முடிச்சில்தான் ஓடுகின்றன. உடன்பிறப்பு என்பது பெற்றோர் வழியாக வருவது.

நிழல்மரம்:
இணைத்த பிறகு உங்கள் பிள்ளையை மையமாக வைத்து முன்னோர் வரைபடம் பாருங்கள். கொள்ளுத் தாத்தா பாட்டிக்கு 8 கட்டம் இருக்கும், ஆள் 6 பேர்தான். உங்கள் அம்மாவும் மாமாவும் ஒரே பெற்றோருக்குப் பிறந்ததால் அந்தப் பெற்றோர் இருவரும் இரண்டு இடத்தில் தெரிவார்கள். 'டூப்ளிகேட்' என்று நினைத்து ஒன்றை அழித்தால் ஆளே போய்விடும், இரண்டு பக்கமும் அறுந்து தொங்கும். இரண்டு கட்டத்தையும் திறந்து முகவரிப் பட்டையில் கடைசியில் வரும் எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் ஒரே பதிவு, விட்டுவிடுங்கள். வேறு வேறு எண் என்றால் மட்டும் 'டூல்ஸ்' பட்டியலில் போய் 'மெர்ஜ்' கொடுத்து இரண்டு பதிவையும் ஒன்றாக்குங்கள்.

அக்கா மகளைக் கட்டியவர்கள் மரத்தில் இன்னும் வேடிக்கை: கணவனின் அப்பா அம்மா பிள்ளைக்குத் தாத்தா பாட்டி, அம்மா வழியில் கொள்ளுத் தாத்தா பாட்டியும் அவர்களே.

கொடிவழி:
இனிஷியல் பற்றி: குடும்பப் பெயர் கட்டத்தில் ஒற்றை எழுத்து போட்டால் தேடலுக்கு உதவாது. அப்பா பெயரை முழுசாக எழுதுங்கள். மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் முதன்மை, கல்யாணத்துக்குப் பின் வந்ததை மாற்றுப் பெயராக வையுங்கள்.

இன்னொன்று, மைத்துனர்களைச் சேர்க்கும்போது 'உயிருடன் இருக்கிறார்' குறியைச் சரிபாருங்கள். மற்றவர்களும் பார்க்கக்கூடிய பொது மரத்தில் அப்படிக் குறித்தவர்களின் விவரத்தைத்தான் தளம் மற்றவர்களிடமிருந்து மறைக்கும்.