புதுப்பிப்பு: ஆத்தோர வீட்டை வேண்டாம்னு விட்டாச்சு, பெருமாள்புரத்துல முடிச்சாச்சு

போன சித்திரையில இங்க கேட்டிருந்தேன்: திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம், ஆத்தோரமா, கீழ ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போர்ஷன், 48 லட்சம், வாடகைக்கு விட வாங்கலாமான்னு. "2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி எதுவரை நின்னுச்சுன்னு பாருங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு கிலோ அல்வா கடன்பட்டிருக்கேன்.

போய்ப் பாத்தேன். வீடு பூரா புதுப் பெயின்ட். மாடிப்படிக்கு அடியில மட்டும் அடிக்க மறந்துட்டாங்க. அங்க இடுப்பு உயரத்துக்கு வண்டல் கோடு, நூல் பிடிச்ச மாதிரி. புரோக்கர், "அது பழைய ஈரம்லா அண்ணாச்சி"ன்னார். எதுத்த வீட்டு ஆச்சி திண்ணையில இருந்தே, "ஈரமா? எங்க கட்டிலே மிதந்துச்சுய்யா"ன்னுட்டாங்க.

கடைசியில பெருமாள்புரத்துல ஒரு பழைய வீடு, 52 லட்சம். மாச வாடகை மேல 9,000, கீழ 10,000. வருஷத்துக்கு 2.28 லட்சம், போட்ட பணத்துக்கு நாலரை சதவீதம்கூட இல்ல. பேங்க்ல போட்டாலே கூட வரும்னு மச்சினன் குத்திக்காட்டுதான். சரிதான், நான் மனை மதிப்பை நம்பித்தான் வாங்கினேன். வருமான வரியில, வாடகையில நாம கட்டின வீட்டு வரி போக மிச்சத்துல 30 சதவீதம் கழிவு உண்டு. ரிப்பேருக்கு பில் காட்ட வேண்டாம்.

அட்வான்ஸ் மூணு மாசம்தான் வாங்கினேன், ஒப்பந்தமும் எழுதியாச்சு. இப்போ தலைவலி ஒண்ணே ஒண்ணு: மோட்டார். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டார், கரண்டு கீழ்வீட்டு மீட்டர்ல ஓடுது. முதல் பில் வந்த அன்னிக்கே போன் வந்துட்டு. தனி மீட்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், அதுவரை மோட்டார் கரண்டு என் கணக்கு.