சிங்கக் குழுவை வரவழைக்கும் பணத்தைப் பற்றி

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே,

நம் ஊர்ச் சங்க ஆண்டு விருந்துக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மூவாரிலிருந்து சிங்க நடனக் குழு ஒன்றை வரவழைக்கலாம், செலவைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற மடலைப் படித்தேன். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஊரிலேயே ஒரு தேவை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சிங்க நடனம் சீனப் பெருநாளுக்கு மட்டும் வருகிற சமாச்சாரம் இல்லை. ராத்திரி ஏழரை மணிக்குச் சீனக் கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் தொடங்கும். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் வரைக்கும் கேட்கும். ‘கொட்டு நின்னுடுச்சு, விளக்கை அணைச்சிட்டுப் படுங்க’ என்பார் எங்கள் பாட்டி. எங்கள் வீட்டுக்கு அதுதான் கடிகாரம்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தினமும் அங்கே போய் நிற்பேன். ஒரு நாள் சைக்கிள் கடை அங்கிள், ‘சும்மா நிக்கிறியே, இதைப் பிடி’ என்று மலாயில் சொல்லித் தாளத்தைக் கையில் கொடுத்தார். அப்படித்தான் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்த சீனப் பையன்களுக்கு மூன்று மாதம் வரைக்கும் சிங்கத்தையே கண்ணில் காட்டவில்லை. குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி, முட்டியை மடக்கி நிற்க வேண்டும். தொடை நடுங்கும், வேர்வை சிமெண்டுத் தரையில் சொட்டும். அங்கிள் பேசாமல் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

சிங்கத் தலையை நான் முதல்முறை உள்ளே இருந்து பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. வெளியே சிவந்த முகம், கருந்தாடி. சீனர்களின் மூன்று ராஜ்யக் கதையில் வரும் தளபதி குவான் யூவின் நிறம் அது. உள்ளே போனால் வெறும் மூங்கில் பிளாச்சும் பிரம்பும், அதன்மேல் ஒட்டின காகிதமும்தான். பழைய வேர்வையும் பசையும் கலந்த வாசம் அடிக்கும். இமைக்கு ஒரு கயிறு, காதுக்கு ஒரு கயிறு. ஒரு சிங்கத்துக்குள் இரண்டு பேர். தலைக்காரர் சிங்கத்தின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். வால்காரருக்கு அதுவும் இல்லை. குனிந்து, முன்னால் இருப்பவரின் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய குதிகாலைப் பார்த்தே ஆட வேண்டும். இன்னொன்றும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கொட்டுக்குச் சிங்கம் ஆடுவதில்லை, சிங்கத்தைப் பார்த்துத்தான் கொட்டுகிறார்கள். மேளக்காரர் கண் சிங்கத்தின் மேல், தாளக்காரன் கண் மேளக்காரர் மேல். நான் எத்தனையோ தடவை கண்ணை எடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பெருநாள் வந்தால் வீடு வீடாகப் போவோம். வாசலில் லெட்டூஸ் கீரையும், அங்பா என்கிற சிவப்புப் பண உறையும் கட்டித் தொங்கும். அந்தக் கீரைக்குக் கன்டனீஸில் ‘சாங் சோய்’ என்று பேர், காதில் விழும்போது செல்வம் பெருகும் என்ற அர்த்தமும் சேர்ந்து கேட்கும். சிங்கம் கிட்டே போகும், மோந்து பார்க்கும், பயந்து பின்வாங்கும், கடைசியில் கவ்வித் தின்று இலையை நாலு பக்கமும் துப்பும். ஒரு வருஷம் எங்கள் லயத்துக்கும் வந்தது. அம்மாவுக்கு லெட்டூஸ் கிடைக்கவில்லை. கொல்லையில் ஒடித்த முருங்கைக் கொத்தில் அங்பாவைக் கட்டித் தொங்கவிட்டார். சிங்கம் அதையும் அதே மரியாதையோடு தின்றது. பொடி இலை எல்லார் தலையிலும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று மூன்று தடவை தலை வணங்கிவிட்டுத்தான் போனது.

எழுபதுகளின் கடைசியில், சிங்கத்துக்குப் பதில் புலி ஆடட்டும் என்று ஓர் அமைச்சரே சொன்னார். எண்பதுகளில் ஆடுவதற்குப் போலீஸ் அனுமதிக்கு அலைந்தார்கள். அதையெல்லாம் தாண்டி, 1994இலிருந்து கெந்திங் மலையில் சிங்க நடன உலகப் போட்டி நடக்கிறது, மூவார்க் குழு அதில் பலமுறை ஜெயித்திருக்கிறது. கம்பத்தின் மேல் ஆடும் சிங்க நடனத்தை 2007இல் தேசியப் பாரம்பரியம் என்றே அறிவித்தார்கள்.

அதே ஊரில் நம் கும்மியும் கோலாட்டமும் என்ன ஆயின? பாரிட் என்கிற வாய்க்கால் ஓரத்துக் கிராமத்து ஜாவாக்காரர்கள் கூடா கெப்பாங் என்கிற பின்னல் குதிரையை இன்னும் கல்யாணத்துக்கு ஆட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் உறுமி மேளத்தை விடவில்லை. பெண்கள் ஆட்டம்தான் நின்றுபோனது. ஆசை இல்லாமல் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், தோட்டத்தை விற்றார்கள், லயம் போனது, லயத்து வாசலும் அதோடு போனது. சோறு வடித்துவிட்டுப் பத்துப் பெண்கள் தானாக வந்து நிற்கிற இடம் இல்லாமல் போனபிறகு எங்கே ஆடுவார்கள்? சீனர்களுக்கு அந்தக் கோயில் கொட்டகை இருந்தது. நம்மோடு அவர்களுக்கு இருந்த வித்தியாசம் அவ்வளவுதான் என்று நான் நம்புகிறேன்.

இப்போது அந்தக் கொட்டகைக்கும் கேடு வந்துவிட்டது. போன முறை போய்ப் பார்த்தேன். தகரம் துருப்பிடித்து ஓட்டை, தரை வெடித்திருக்கிறது, மழை பெய்தால் பயிற்சி இல்லை. தலை பிடிக்கிற பையன் நம் தமிழ்ப் பையன், பாலர் பள்ளிக்குப் பக்கத்து வீடு. வழுக்கும் தரையில் குதித்துக் கணுக்கால் பிசகி ஒரு மாதம் உட்கார்ந்திருந்தான்.

என் யோசனை இதுதான். விருந்துக்கு ஊர்க் குழுவே ஆடட்டும், தரையில் ஆடினால் போதும். மிச்சப் பணத்தில் கூரை, தரை, நாலு விளக்கு. கோயில் நிர்வாகத்தில் பேசிவிட்டேன். புதன், சனி இரண்டு நாளும் நம் பெண்பிள்ளைகள் கோலாட்டம் பழகிக்கொள்ளலாம், வாடகை வேண்டாம் என்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்க என் அத்தை இருக்கிறார், வயது 78. உத்தரத்தில் கயிறு கட்டி, ஆடிக்கொண்டே பின்னி, அப்படியே ஆடி அவிழ்க்கிற பின்னல் கோலாட்டம் முழுதும் அவருக்குத் தெரியும். பாட்டு மறந்தாலும் கால் மறக்கவில்லை. இனி ஆறப்போடக் கூடாது.

பழைய கோலாட்டக் குச்சி ஒரு கட்டு, சிவப்புச் சாயம் பூசினது, லண்டனுக்கோ பெர்த்துக்கோ யாரோ எடுத்துப் போனதாக அத்தை சொல்கிறார். யாரிடம் இருந்தாலும் தயவுசெய்து எழுதுங்கள். தபால் செலவு என்னுடையது. பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.