டிப்ரஷன் இருந்தா டெலோமியர் குறைஞ்சிடுமா? டெஸ்ட் எடுக்க விடலாமா?

செங்காங் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவுக்கு பாலிடெக்னிக் படிச்ச காலத்துலேர்ந்தே டிப்ரஷன், நடுவுல ரொம்ப கஷ்டப்பட்டு இப்ப மாத்திரை கவுன்சலிங்னு ஓரளவு நல்லா இருக்கா, வேலைக்கும் போறா. யாரோ வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பிட்டாங்க, மனநோய் இருக்கவங்களுக்கு டெலோமியர் குறைஞ்சு சீக்கிரமே வயசாயிடும்னு. அன்னையிலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு காதோரம் நரைமுடிய எண்ணிக்கிட்டு இருக்கா. டெலோமியர் நீளத்த அளக்க விரல்ல குத்தி ரத்தம் அனுப்புற டெஸ்ட் ஆன்லைன்ல இருக்கு, எடுத்தே ஆகணும்ங்கிறா. ரிசல்ட் மோசமா வந்தா மறுபடி படுத்துடுவாளோன்னு எனக்கு பயமா இருக்கு. வீடியோவுல சொல்றது உண்மையா?

லேப்காரன்:
பாதி உண்மை தம்பி. டெலோமியர்ங்கிறது குரோமோசோம் நுனியில டிடிஏஜிஜிஜின்னு (TTAGGG) ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வர்ற டிஎன்ஏ துண்டு, செல் பிரியப் பிரிய அது கொஞ்சம் கொஞ்சமா குறையும், வயசானா எல்லாருக்கும் குறையத்தான் செய்யும். இது குரோமோசோம எப்படி பாதுகாக்குதுன்னு கண்டுபிடிச்ச எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூணு பேருக்கும் 2009ல நோபல் கிடைச்சுது. டிப்ரஷன் இருக்கவங்களுக்கு சராசரியா கொஞ்சம் குட்டையா இருக்குன்னு நிறைய ஆய்வுல வந்திருக்கு, அதுல சந்தேகம் இல்ல.

ஆனா எவ்வளவு குட்டைங்கிறதுதான் விஷயம். நெதர்லாந்துல 2,000க்கு மேற்பட்டவங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துது, டிப்ரஷன் இல்லாதவங்களுக்கு சுமார் 5,540 டிஎன்ஏ எழுத்து நீளம், இருக்கவங்களுக்கு சுமார் 5,460, அதாவது 80 எழுத்துதான் வித்தியாசம். டிப்ரஷனே வராத ரெண்டு பேர எடுத்துக்கிட்டாலும் அவங்களுக்குள்ளயே இதைவிட பல மடங்கு வித்தியாசம் இருக்கும், அதுல பெரும்பகுதி அப்பா அம்மா குடுத்தது. சராசரியா ஆம்பளைங்க பொம்பளைங்களவிட உயரம்தான், அதுக்காக ஒருத்தர் உயரத்த மட்டும் சொல்லி ஆணா பொண்ணான்னு கேட்டா என்ன சொல்ல முடியும்? அதே ஆளுங்கள 6 வருஷம் கழிச்சு மறுபடி பாத்தாங்க, வித்தியாசம் அப்படியே இருந்துச்சு, ஆனா நோய் ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் தகுந்த மாதிரி நீளம் மாறல. அதனால அக்கா இப்ப நல்லா இருக்காளா இல்லையான்னு இந்த டெஸ்ட் சொல்லாது. அளக்குறதே ரத்தத்துல வெள்ளை அணுவுல, மூளையில இல்ல, ஒரே ரத்தத்த ரெண்டு லேபுக்கு அனுப்பினா ரெண்டு நம்பர் வரும். வாங்க வேணாம்னு நேரடியாவே சொல்லிடுங்க.

ஈசூன் அம்மா:
தம்பி, என் மகனுக்கு பைப்போலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்), அதனால இந்த டெலோமியர் பத்தி தேடித்தேடி படிச்சிருக்கேன். 2004ல எலிசா எப்பல்னு ஒருத்தவங்க அமெரிக்காவுல 58 அம்மாமார வச்சு ஆய்வு பண்ணாங்க, பாதிக்கு மேல நீண்டகால நோய் இருக்க பிள்ளைய பாத்துக்கிற அம்மாமாருங்க. யாருக்கு மன அழுத்தம் ரொம்ப அதிகமோ அவங்க டெலோமியர் 10 வயசு மூத்தவங்களோடது மாதிரி இருந்துச்சாம். படிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்புறம் நிதானமா பாத்தா, வெறும் 58 பேரு, நோய் இருக்க பிள்ளைய வச்சிருக்க எல்லாருக்கும் அப்படின்னும் அதுல சொல்லல. அழுத்தம் குறைவா இருந்த அம்மாமாரும் அதுல இருந்தாங்க. பாத்துக்கிறவங்களையும் யாராவது பாத்துக்கணும்ங்கிறதத்தான் நான் அதுலேர்ந்து எடுத்துக்கிட்டேன். இங்க சிங்கப்பூர்ல கேர்கிவர்ஸ் அலையன்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, மனநோய் இருக்கவங்க குடும்பத்துக்கு இலவசமா வகுப்பு நடத்துறாங்க, நீங்களும் போங்க தம்பி. அக்காவப் பத்தி இவ்வளவு யோசிக்கிற நீங்க ஒழுங்கா தூங்குறீங்களா?

செங்காங் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றிம்மா. நேத்து ராத்திரி புளோக்குக்கு கீழ உக்காந்து அந்த 80 கணக்க அக்காகிட்ட சொன்னேன், கொஞ்சம் அமைதியானா. ஆனா இன்னொன்னு கேக்குறா, டெலோமியர வளக்குற மாத்திரைன்னு விக்கிறாங்களே, அதை சாப்பிட்டுக்கிட்டு டாக்டர் குடுத்த மாத்திரைய மெதுவா குறைக்கலாமான்னு.

லேப்காரன்:
ஐயோ, வேணவே வேணாம். டாக்டர்கிட்ட கேக்காம ஒரு மாத்திரையும் குறைக்கக் கூடாது, நோய் திரும்பி வந்தா அதுதான் உண்மையான ஆபத்து. டெலோமியர் நீளமா இருந்தா நல்லதுன்னும் எடுத்துக்க முடியாது, பிறவியிலேயே நீளமா இருக்கவங்களுக்கு மெலனோமா (ஒரு வகை தோல் புற்றுநோய்) மாதிரி சில புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடுதல்னு தெரிஞ்சிருக்கு. அந்தக் காசுல பாலிகிளினிக் போயி சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் பாக்கச் சொல்லுங்க. டிப்ரஷன் இருக்கவங்களுக்கு இருதய நோயும் சர்க்கரையும் சேந்து வர்றது ஜாஸ்தி, சில மாத்திரைக்கு எடையும் போடும். இந்த நம்பரெல்லாம் மோசமா வந்தா சரிபண்ண வழி இருக்கு.

ஈசூன் அம்மா:
அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு நீங்களும் கூடப் போங்க, இந்த மாத்திரை கேள்விய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, உள்ள போனதும் மறந்துடும். நடுராத்திரியில மனசு தாங்கலன்னா எஸ்ஓஎஸ் அமைப்போட உதவி எண் 1767க்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, அக்கா போன்ல இப்பவே சேவ் பண்ணி வைங்க.