மறு: மறு: சேனலோபதிக்குத் தமிழ்ச்சொல்

> நரம்பியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைத் தலைப்புகளைத் தமிழில் தொகுக்கிறேன். பாதித் தலைப்புகளில் ‘சேனலோபதி’ வருகிறது. ‘அயனி வாய்க்கால் நோய்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

அன்புள்ள ஐயா,

‘வாய்க்கால்’ இடிக்கிறது. வாய்க்கால் நீளமாக ஓடுவது, எப்போதும் திறந்தே கிடப்பது. சேனல் அப்படியில்லை. செல்லின் சவ்வை ஏரிக்கரை என்று வைத்துக்கொண்டால், அந்தக் கரையில் அயனிகளை, அதாவது சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் கொண்ட அணுக்களை, விடுவதற்குத் திறந்து மூடுகிற துளைதான் சேனல். அதற்கு மதகு என்ற நல்ல சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது.

அழகுக்காகச் சொல்லவில்லை. 1976இல் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் தவளைத் தசைநாரின் மேல் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை ஒட்டி வைத்து, ஒற்றைச் சேனலின் மின்னோட்டத்தை அளந்தார்கள். 1991இல் நோபல் பெற்றார்கள். அதே முறையை இங்கே பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். திரையில் கோடு நேராகப் போகிறது. சட்டென்று ஒரு படி இறங்குகிறது, கொஞ்சம் அங்கேயே நிற்கிறது, மறுபடி பழைய மட்டத்துக்கு ஏறுகிறது. நடுவில் சரிவே இல்லை. படியின் உயரம் சில பிக்கோஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு. வாய்க்கால் இப்படி நடந்துகொள்ளுமா?

ஆகவே அயனி மதகு. மின்னழுத்தத்தால் திறப்பது மின்னழுத்த மதகு. ஈனி என்கிற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறப்பது ஈனி மதகு. ‘கேட்’ தனியாக வருகிற இடத்தில் மதகுக் கதவு.

அப்புறம், ‘நோய்’ என்பதைவிட ‘மதகுக் கோளாறு’ மேல். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து சிகிச்சைக்கு வருகிற குடும்பங்களுக்கு மருத்துவர் எழுதுவதை அவ்வப்போது தமிழில் சொல்லிக் கொடுப்பேன். பொட்டாசியம் ஏறி அவ்வப்போது கைகால் துவண்டுபோகிற வாதத்தில், தசையின் சோடியம் மதகு திறந்தபின் சரியாக மூடுவதில்லை. டிராவே என்கிற மரபணு வலிப்பு நோயில் நேர் எதிர்: எஸ்சிஎன்1ஏ மரபணுவின் ஒரு பிரதி கெட்டு, வேலை செய்கிற சோடியம் மதகுகளே குறைந்துவிடுகின்றன. அதில் அதிகம் அடிபடுவது மூளையில் பிரேக் போடுகிற நரம்புச் செல்கள், அதனால் வலிப்பு. கார்பமசெபின் சோடியம் மதகை அடைக்கிற மருந்து. வேறு பல வலிப்புகளுக்குக் கேட்கும், டிராவேயில் கொடுத்தால் வலிப்பு கூடிவிடலாம். ‘ஏற்கெனவே மதகு குறைச்சல், அதையும் அடைத்தால்?’ என்று ஒரு தாத்தாவிடம் கேட்டேன். ஏரிப் பாசனக்காரர், மீதியை அவரே சொல்லி முடித்தார்.

அல்சூரிலிருந்து,
உங்கள் பழைய உறுப்பினர்

---

> ஏற்கெனவே மதகு குறைச்சல், அதையும் அடைத்தால்?

சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மதகு ஆள் பார்த்து விடாது. பொட்டாசியம் சேனல் பார்க்கும். பெரிய அயனியான பொட்டாசியத்தை நொடிக்குப் பத்துக் கோடி வரை விட்டுவிட்டு, அதைவிடச் சிறிய சோடியத்தை நிறுத்திவைக்கும். அது எப்படி என்பதை 1998இல் ராடரிக் மெக்கின்னன் என்ற அமெரிக்க விஞ்ஞானி படிக அமைப்பாகவே காட்டினார். ‘மதகு’ என்றால் இந்தப் பாதி காணாமல் போகிறதே? ‘தூம்பு’ என்றால் என்ன? கல்வெட்டுச் சொல், இங்கே கன்னடக்காரர்களும் ஏரி மதகைத் ‘தூபு’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஜாலஹள்ளி

---

அம்மா,

தூம்பும் ஆள் பார்க்காது! ஒரே சொல்லில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. ‘சேனல்’ என்ற சொல்லிலும் அந்தப் பாதி இல்லையே. எதை விடுகிறது என்பதை முன்னால் வருகிற பெயர் சொல்லட்டும்: பொட்டாசியம் மதகு, கால்சியம் மதகு. சலித்து விடுகிற உள்பகுதிக்கு மட்டும் ‘சல்லடை’ போடலாம். தூம்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்று அதைக் கேட்பவர்களுக்குக் குழாய்தான் நினைவுக்கு வரும், திறந்து மூடுவது வராது. திரையில் பார்த்த அந்தப் படியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பட்டியல் தொகுக்கிற ஐயாவுக்கு ஒரு கேள்வி: ‘பேட்ச் கிளாம்ப்’ என்கிற அந்தக் கண்ணாடிக் குழாய் முறைக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘ஒட்டுக் கவ்வி’ மட்டும் வேண்டாம், பஞ்சர் கடை வாசனை அடிக்கிறது.

அல்சூர்