இல்லத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு உதவி தேவை: எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

தஞ்சை வார்டன்:
வணக்கம். தஞ்சாவூர் பக்கம், அறிவுசார் குறைபாடுள்ள ஆண்களுக்கான இல்லம் ஒன்றில் 11 வருஷமாக வார்டனாக இருக்கிறேன். மொத்தம் 28 பேர். ராத்திரி வேலைக்கு இரண்டு பேர்தான். இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டோம். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டுக் கொடுங்கள், பார்க்கலாம் என்றது நிர்வாகம். நியாயமான கேள்விதான். ஆனால் படிவத்தோடு உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடவில்லை.

யூடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இருக்கும் குறைபாட்டுச் சதவீதத்தை அப்படியே போட்டுவிடலாம் என்கிறார்கள். 75 சதவீதம் என்று அட்டை வைத்திருப்பவர் தன் துணியைத் தானே துவைத்து, கிளிப் போட்டுக் காயவைக்கிறார். மழை வந்தால் மற்றவர்கள் துணியையும் ஓடிப்போய் எடுத்துவிடுவார். 50 சதவீதக்காரர் ஒருவர் ராத்திரி 2 மணிக்கு எழுந்து கேட்டைத் திறந்துகொண்டு பைபாஸ் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவார். ஆள் யாருக்கு வேண்டும்? அட்டை சொல்லாது.

அனுபவமுள்ளவர்கள் எதை வைத்து அளக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பிசியோ:
சார், எங்கள் மையத்தில் பார்தெல் குறியீடு போடுகிறோம். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடப்பது, படியேறுவது என்று 10 விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது நாள்பட்ட உடல்நோய் உள்ளவர்களுக்காக வந்தது. உங்கள் 2 மணிக்காரருக்கு 100-க்கு 100 வரும்! மாத்திரையைச் சரியாக எடுப்பாரா, ரோட்டைக் கடப்பாரா, ஃபிட்ஸ் வந்தால் யார் பார்ப்பது, இதெல்லாம் அதில் இல்லை.

இன்னொன்று. ‘செய்ய முடியுமா’ என்பது வேறு, ‘செய்கிறாரா’ என்பது வேறு. பார்தெல் கேட்பது இரண்டாவதை. இல்லங்களில் இரண்டும் குழம்பிவிடும். காலை 6 மணிக்கு வரிசையாகக் குளிக்கவைத்து, நாமே சட்டை மாட்டி அனுப்பிவிடுகிறோம். அப்புறம் படிவத்தில் ‘உடுத்துவது: முழு உதவி’ என்று எழுதுகிறோம். உதவி தேவைப்பட்டது அவருக்கா, நம் அவசரத்துக்கா?

அக்காக்காரி:
நான் இந்தத் துறை இல்லை. என் தம்பி 6 வருஷமாக ஒரு இல்லத்தில் இருக்கிறான், வயது 38. போன வருஷம் அவனைப் பற்றி எழுதிய குறிப்பில் ‘ஆக்ரோஷம், சாப்பாட்டைத் தள்ளுகிறார், தனிக் கண்காணிப்பு தேவை’ என்று இருந்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது இட்லியை இடது பக்கமே மெல்லுகிறான் என்று அம்மாதான் கவனித்தார். வலது கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கிய மூன்றாம் நாள் தட்டை அவனே நீட்டினான்.

அவனுக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வலித்தால் காதைத் திருகுவான். இந்த ஒரு விஷயம் எந்தப் படிவத்திலும் இல்லை. வீட்டாரைக் கேளுங்கள் அண்ணா, அதைத்தான் சொல்ல வந்தேன்.

சிறப்பாசிரியர் (ஓய்வு):
தங்கை சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் வைன்லேண்ட் அளவுகோல் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை வயதாகச் சொல்வது) போட்டு ‘சமூக வயது 5’ என்று இருந்தால், அந்த 5-ஐ மறந்துவிடுங்கள். 40 வயது மனிதர் 5 வயதுப் பிள்ளை இல்லை. நம் நாட்டுக்காக மாலின் என்ற உளவியலாளர் மாற்றியமைத்த அதன் பதிப்பு 15 வயதோடு நின்றுவிடும். பெரியவர்களின் வாழ்க்கைக்கு அது போதாது.

பெரியவர்களுக்கென்றே இருப்பது சப்போர்ட்ஸ் இன்டென்சிட்டி ஸ்கேல். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்வி: எத்தனை தடவை உதவி வேண்டும், ஒரு நாளில் எவ்வளவு நேரம், என்ன மாதிரி உதவி. பக்கத்தில் இருந்தால் போதுமா, வாயால் சொல்ல வேண்டுமா, கையைப் பிடித்துச் செய்ய வேண்டுமா என்று அந்த மூன்றாவது கேள்வி பிரித்துவிடும். ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரையாவது கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். அதை வாங்க வசதி இல்லாவிட்டால், இந்த மூன்று கேள்வியை மட்டும் ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒரு வாரம் ராத்திரி உட்பட எழுதுங்கள். ஆள் கேட்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

தீவிர உதவி தேவைப்படுபவர்களுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் அந்த உதவியைக் கேட்க வழி இருக்கிறது. அவர் சார்பில் உங்கள் அமைப்பே விண்ணப்பிக்கலாம்.

தஞ்சை வார்டன்:
எல்லோருக்கும் நன்றி. பிசியோ சார் கேட்ட கேள்வி இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

இன்று காலை, முழு உதவி என்று நானே எழுதியிருந்த ஒருவரைக் கடைசியாகக் குளிக்கவைத்துவிட்டு, சட்டையை மட்டும் கையில் கொடுத்து நின்றேன். முதலில் என் கையையே பார்த்தார், நான் போடுவேன் என்று. நான் அசையவில்லை. கீழ்ப் பொத்தானில் ஆரம்பித்தார். மூன்றாவது இரண்டு தடவை நழுவியது. காலர் பொத்தானுக்குத் தாடையைத் தூக்கிக் காட்டினார், அதை மட்டும் நான் போட்டேன். 9 நிமிஷம் ஆனது. 11 வருஷமாக அவருக்கு நான்தான் பொத்தான் போட்டிருக்கிறேன்.

ராத்திரி நோட்டு இன்றிலிருந்து ஆரம்பம். அக்கா, நான்கு வீடுகளுக்குப் போன் செய்துவிட்டேன். மீதி நாளைக்கு.