கால் ஆணி என்று வரும் மெலனோமா: அனுபவப் பகிர்வு

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். அதில் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருவது ஏக்ரல் மெலனோமா. மெலனோமாவே நம்மவர்களுக்கு அரிது. வந்தால் பெரும்பாலும் இங்கேதான். வருகிறவர் "கால் ஆணி டாக்டர்" என்றுதான் காலை நீட்டுவார். அதற்குள் கார்ன் கேப் (ஆணிக்கான மருந்துப் பட்டை) ஒட்டி, பிளேடால் சீவி, மாதங்கள் ஓடியிருக்கும். ஆணியைச் சீவினால் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு கூர் தெரியும். மருவில் சின்னச் சின்ன கரும்புள்ளிகள் தெரியும். இரண்டும் இல்லாமல் ஓரம் கலைந்த கருமை இருந்தாலோ, தொட்டதும் ரத்தம் கசியும் சிவந்த சதை இருந்தாலோ தயவுசெய்து ஆணி, மரு என்று நினைத்துச் சூடு வைத்து எரித்துவிடாதீர்கள். நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. சில நேரம் சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போடப்படுவது அதற்குத்தான்.

டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இருந்தால் தோல் ரேகைகளைப் பாருங்கள். பள்ளத்தில் நிறம் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகம். எது மேடு என்று குழம்பினால் பேனா மையைத் தடவித் துடைத்துவிடுங்கள், மை பள்ளத்தில் மட்டும் தங்கும். வியர்வைத் துளைகளின் வெள்ளைப் புள்ளி வரிசை மேட்டில்தான் இருக்கும்.

நகத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அடிபட்ட ரத்தக்கட்டு நகத்தோடு முன்னால் நகர்ந்துபோகும், பின்னால் தெளிந்த நகம் வரும். மெலனோமாக் கோடு நகராது. அகலமாகிக்கொண்டே போகும், சுற்றுத்தோலுக்கும் கருமை பரவும். நிறம் பிறப்பது நகவேரில். அதனால் நக நுனியை வெட்டி அனுப்பிவிட்டு "ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடைய முடியாது. நகத்தைத் தூக்கி, வேரிலிருந்து திசு எடுக்க வேண்டும்.

லேப் பக்கத்திலிருந்து: மேலாகச் சீவி அனுப்பாதீர்கள். அடி ஆழம் போய்விட்டால் பிரெஸ்லோ தடிமனை, அதாவது கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை, அளக்கவே முடியாது, அடுத்த முடிவு எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. சின்னது என்றால் 1 முதல் 3 மி.மீ. விளிம்போடு முழுதாக எடுங்கள். பெரிதென்றால் மிகத் தடித்த இடத்தில் முழு ஆழத்துக்குப் பஞ்ச் (வட்டக் கத்தியால் சிறு துண்டு எடுப்பது). போட்டு அனுப்ப 10% ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்), திசுவைப் போல் 10 மடங்கு. சலைனில் (உப்பு நீரில்) போட்டால் திசு கெட்டுவிடும். உள்ளங்காலின் தடித்த கெரட்டினைச் சேர்க்காமல், அதற்குக் கீழே உள்ள கிரானுலார் அடுக்கிலிருந்துதான் அந்தத் தடிமனை அளக்கிறோம்.

அறுவையில் கட்டியைச் சுற்றி எடுக்க வேண்டிய விளிம்பு: 1 மி.மீ. வரை தடிமனுக்கு 1 செ.மீ., 2 மி.மீ. தாண்டினால் 2 செ.மீ., இடைப்பட்டதற்கு 1 முதல் 2 செ.மீ. தடிமன் 1 மி.மீ. தாண்டினால் தொடை இடுக்கில் சென்டினல் நெறிக்கட்டியையும் (புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சு) அதே அறுவையில் எடுப்பது நல்லது. அகலமாக வெட்டிய பிறகு தேடினால் நிணநீர்ப் பாதை மாறியிருக்கும். நடக்கும்போது எடை தாங்கும் குதிகாலில் வெறும் தோல் ஒட்டு தேய்ந்து புண்ணாகும், உள்ளங்கால் வளைவிலிருந்து ஃபிளாப் (ரத்த ஓட்டத்தோடு சேர்ந்த தோலும் சதையும்) திருப்புவதே நிற்கும். பரவியிருந்தால் கட்டியில் பிராஃப் மரபணு மாற்றத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், கிட் மரபணுவையும் கேளுங்கள். இந்த வகையில் அது மாறியிருக்க வாய்ப்பு கூடுதல், சில மாற்றங்களுக்கு இமாடினிப் மாத்திரை வேலை செய்கிறது.