புதுப்பிப்பு: ஒரே ஆளை வேறு வேறு கேமராவில் கண்டுபிடிப்பது, தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: மார்க்கெட்-1501 என்ற, நடந்துபோகிறவர்களின் படத் தொகுப்பில் பழக்கிய என் மாடல் (ஒரே ஆளின் படங்களைத் தேடித் தரும் கணினி நிரல்) சோதனையில் பிரமாதமாக வருகிறது, எங்கள் ஆய்வகக் கேமராக்களில் மட்டும் ஏன் ஆளை மாற்றிச் சொல்கிறது?

தவறு நான் மதிப்பெண் போட்ட விதத்தில் இருந்தது. தேடும் படமும் கிடைத்த படமும் ஒரே ஆளுடையதாகவும் ஒரே கேமராவில் எடுத்ததாகவும் இருந்தால், அந்த ஜோடியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நான் நீக்காமல் விட்டுவிட்டேன். சில நொடி இடைவெளியில், அதே வெளிச்சத்தில், அதே சுவருக்கு முன்னால் எடுத்த படம் முதலிடத்துக்கு வராமல் என்ன செய்யும்? நீக்கியதும் மதிப்பெண் நன்றாகவே இறங்கியது. ஆனால் இதுதான் உண்மையான எண்.

அப்புறம், அந்த மார்க்கெட்-1501 தொகுப்பு சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் முன்னால் 6 கேமராக்களில் எடுத்தது. ஒருவர் எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய ஒரே உடையில்தான் இருக்கிறார். அதனால் மாடல் ஆளைவிட சட்டையைத்தான் அதிகம் கற்றிருக்கிறது. எங்களிடம் நீலச் சட்டை போட்ட இருவரை ஒருவராகவே சொன்னது. உடலைக் குறுக்காக 6 பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தபோது, செருப்பும் பையும் கைகொடுத்தன, குழப்பம் கொஞ்சம் குறைந்தது.

அதற்குப் பதில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வளாகக் கேமராக்களில் எடுத்த டியூக் தொகுப்பைச் சிலர் சொன்னீர்கள், நன்றி. வளாகத்தில் நடந்துபோனவர்களின் அந்தரங்கம் குறித்த கேள்விகளால் 2019-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிரதிகள் இன்னும் சுற்றினாலும் நான் தொடமாட்டேன். சம்மதம் தந்த நண்பர்களை உடை மாற்றி நடக்கவைத்து, சிறிதாக நாங்களே எடுக்கிறோம்.